சுன்னாகத்துக்கு எதில் போவது?

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து சுன்னாகம் சந்தைக்கு ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர்தான், ஆனால் மினிபஸ் ஆள் ஏற்ற ஏற்ற நின்று போவதால் அது நீண்ட பயணமாகிவிடும். இந்த இரண்டு பட்டினங்களையும் ஒழுங்காக இணைக்க என்ன வழி என்று கதை வந்தால் யாராவது ட்ராம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொழும்பிலேயே ஜப்பான் கடனில் தொடங்கிய இலகு ரயில் திட்டத்தை 2020இல் நிறுத்திவிட்டார்கள்.

பஸ்ஸுக்குத் தனித்தடம் என்றால், 1974இல் பிரேசிலின் குரிட்டிபாவில் செய்ததுபோல, செலவு குறைவு, ஆனால் இரண்டு பட்டினங்களுக்கும் இடையில் ஓடும் கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியில் கடையும் மதிலும் இரு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, யாருடைய காணியை எடுப்பது?

சரி, வீதிக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் கிடக்கிறதே! 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை திரும்பவும் திறந்த பாதை. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று நிலையங்களும் இருக்கின்றன. இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு சேர்த்து இரும்புச் சக்கரம் பூட்டிய ரயில் பஸ் இலங்கையில் ஏற்கெனவே ஓடியிருக்கிறது. ஒற்றைப் பாதை என்பதால் எதிரெதிரே வரும் வண்டிகள் நிலையத்தில்தான் விலக முடியும், ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒன்று விட முடியாது. அரை மணிக்கு ஒன்று போதும், நேரத்துக்கு வந்தால்.

யாழ் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் நிலையம்வரை வெயிலில் நடக்கவேண்டியிருப்பதுதான் பெரிய குறை. அந்தத் துண்டுக்கு ஒரு சின்ன பஸ் விட்டால் என் அம்மா சந்தைப் பையோடு தனியாகவே போய்வருவார்.