துண்டு தோளுக்குப் போன நாள்

அந்த வீட்டுக்கு நான் முதல் தடவை போனபோது குழந்தையின் முகத்தின்மேல் ஈரிழைத் துண்டு ஒன்று கிடந்தது. "ஈ மொய்க்குது சிஸ்டர், அதான்" என்றாள் அம்மா. பிறந்து ஏழாவது நாள். 2020 ஜூலை முதல் வாரம். நான் முகக்கவசம் போட்டிருந்தேன், கையில் எடைத் தராசு. துண்டின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். மேல் உதடு இடது பக்கம் பிளந்து மூக்குத் துளைவரை போயிருந்தது. என் வாயிலிருந்து "ஐயோ" என்று வந்துவிட்டது.

சத்தமாகச் சொல்லவில்லை. முகக்கவசத்துக்குள் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக எனக்கு அப்போது 13 வருட அனுபவம். என் துணை சுகாதார நிலையத்தின் கீழ் சுமார் 5,000 பேர். வருடத்துக்கு எழுபது, எண்பது பிரசவம். உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. அந்தக் கணக்கில் எங்களைப் போன்றவர்கள் பத்து வருடத்துக்கு ஒரு குழந்தையைப் பார்த்தால் உண்டு. நான் அதற்கு முன் பார்த்திருந்தது ஒரே ஒரு குழந்தை, அதுவும் தையல் ஆறின பிறகு. பயிற்சியில் ஆபத்து அறிகுறிகளை எல்லாம் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததும் பெற்றவளிடம் முதலில் என்ன பேச வேண்டும் என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் இதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். குழந்தையைப் பார்த்து "ஐயோ" சொல்லக் கூடாது என்பதற்குப் பயிற்சி எதற்கு?

அன்று தராசு 2 கிலோ 300 கிராம் காட்டியது. பிறந்தபோது 2 கிலோ 600. முதல் வாரத்தில் குழந்தை கொஞ்சம் இளைப்பது வழக்கம்தான், இவ்வளவு இளைக்கக் கூடாது. மார்பில் போட்டால் வாய் வைக்கிறது, சப்புகிறது, ஐந்து நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் பசித்து அழுகிறது. பால் மூக்கால் வருகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வாய்க்குள் மேலே விரலால் தடவிப் பார்த்தேன். அண்ணமும் பிளந்திருந்தது. உறிஞ்ச வேண்டுமென்றால் வாய் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் சுவர் இல்லாதபோது எவ்வளவு சப்பினாலும் பால் போதிய அளவு இறங்காது. "எனக்குப் பால் பத்தலையாம், அத்தை சொல்றாங்க" என்று அந்தப் பெண் அழுதாள். அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்திருந்தது.

வீட்டில் எவர்சில்வர் பாலாடை இருந்தது. கொதிக்க வைத்து எடுத்துவரச் சொன்னேன். பாலைப் பீய்ச்சி ஒரு டம்ளரில் எடுத்தோம். குழந்தையைப் படுக்க வைக்காமல் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். கழுத்துக்கு என் இடது கை. பிளவு இல்லாத பக்கம், கன்னத்துக்கு உள்ளே பாலாடையின் மூக்கை வைத்து, கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். தொண்டை அசைகிறதா என்று பார்த்து அப்புறம் அடுத்த வாய். நடுவில் மூக்கால் பால் வந்தது. வரும். பயப்படாமல் துடைத்துவிட்டு ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். இந்தக் குழந்தைகள் காற்றையும் சேர்த்து விழுங்குவதால் இரண்டு மூன்று தடவை தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைக்க வேண்டும். 30 மில்லி உள்ளே போக அரை மணி நேரம் ஆனது. அடுத்த வேளையை அம்மாவைப் புகட்ட வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் கை நடுங்கியது. மூக்கில் வரும் பாலைத் துடைக்க வசதியாக அந்த ஈரிழைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு யோசித்துப் பார்க்கிறேன். முகத்தை மூடிக்கொண்டு பாலாடையில் புகட்ட முடியாது. உதட்டையும் தொண்டையையும் கண் எடுக்காமல் பார்த்தாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. அந்த முகத்தை அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் பழகினாள் என்று நம்புகிறேன். நான் சொன்ன ஆறுதலால் இல்லை. "ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்மா" என்று எல்லாரும் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்.

கிளம்புவதற்கு முன் டாக்டருக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

வெளியாள் வந்தால் மட்டும் துண்டு மறுபடி முகத்துக்குப் போய்விடும். ஊரே வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு திரிந்த காலம் அது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. யாரும் வீட்டுக்கு வருவதில்லை, தூக்கிக் கொஞ்சுவதில்லை. வீட்டுக்குள்தான் பேச்சு ஓயவில்லை. 2019 டிசம்பர் 26 காலையில் சூரிய கிரகணம். மருமகள் அன்றைக்கு அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கினாளாம், அதனால்தான் பிள்ளை மூளியாகப் பிறந்தது என்று ஆயா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் கர்ப்பிணி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு ஆயாவோடு உட்கார்ந்தேன். கடைசி மாதவிடாய் செப்டம்பர் 20. கிரகணத்தன்று மூன்று மாதம் முடிந்து ஆறு நாள். உதடு கூடுவது இரண்டாம் மாதத்தில், அண்ணம் மூன்றாம் மாதத்துக்குள் மூடிவிடும். "கத்தரிக்காய் நறுக்குறதுக்கு முன்னாடியே வாய் உருவாகி முடிஞ்சிடுச்சு ஆயா" என்றேன். பரம்பரை, சத்துக் குறைவு, சில மாத்திரைகள் என்று பல காரணம் சேர்ந்து வருவது, இதனால்தான் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். ஆயா முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மருமகள் காதுபட அதைச் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

உதட்டு ஆபரேஷனுக்குப் பொதுவாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: குறைந்தது 10 வாரம், எடை நாலரை கிலோ, ஹீமோகுளோபின் 10. கொரோனாவால் அந்த வருடம் ஆகஸ்ட் முடியும்வரை மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. அக்டோபரில் கூட்டிப் போனபோது எடை வந்திருந்தது, ரத்தம் 9.2 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரும்புச் சத்துச் சொட்டு மருந்து கொடுத்து டிசம்பரில் மறுபடி போனார்கள். காசு ஒன்றும் ஆகவில்லை. தையலைத் தொட்டுவிடக் கூடாது என்று இரண்டு முழங்கையையும் மடக்க முடியாதபடி அட்டை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். அந்தக் கட்டோடு அவள் சிரித்ததை நான் பார்த்தேன். புது உதடு ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்தது.

துண்டு போய்விட்டது. அக்கம்பக்கம் எல்லாரும் வந்து பார்த்தார்கள், தூக்கினார்கள். ஆயா கோயிலுக்குத் தூக்கிப் போனார். எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் அண்ணத்தை மறந்துவிட்டோம்.

ஒரு வயதை ஒட்டி, பேச்சு வருவதற்குள் அண்ணத்தை மூட வேண்டும். ஒன்றரை வயதைத் தாண்ட விடக் கூடாது. 2021 மே மாதம் இரண்டாம் அலை, ஆஸ்பத்திரிப் பக்கமே போக முடியவில்லை. அது அடங்கிய பிறகும் போகவில்லை. "இப்பதான் முகம் நல்லா ஆயிடுச்சே, இன்னொரு தடவை எதுக்குப் பச்சைப் பிள்ளையக் கத்தியில குடுக்கணும்" என்றார் அப்பா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் பதிவேட்டிலேயே "ஆபரேஷன் முடிந்தது" என்று எழுதி, அந்த வரியை மூடியிருந்தேன். கண்ணுக்குத் தெரிந்தது சரியானதும் என் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது.

டிசம்பர் மாதம் ஒரு புதன்கிழமை, ஒன்றரை வயது ஊசிக்கு அப்பா தூக்கி வந்தார். ஊசி குத்தினதும் குழந்தை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா, அம்மா" என்று அழுதது. "இவளுக்கு நானும் அம்மாதான் சிஸ்டர்" என்று சிரித்தார். தாத்தாவைக் காட்டி "நாந்நா" என்றது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ப சொல்ல உதட்டை மூடி, காற்றை வாய்க்குள் தேக்கி, சட்டென்று விட வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் காற்று மூக்கு வழியே போய்விடும். ப போய் ம ஆகிவிடும், த போய் ந ஆகிவிடும். சளி பிடித்து மூக்கு அடைத்தால் நாம் சொல்லும் "அம்மா" கிட்டத்தட்ட "அப்பா" மாதிரி கேட்கும். இவளுக்கு நேர் எதிர். "அவ உங்களத்தான் கூப்பிடுறா. அப்பான்னுதான் சொல்றா. காத்து நிக்க மாட்டேங்குது" என்று அவரிடம் சொன்னேன். அவர் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரமே அம்மாவும் நானும் குழந்தையோடு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினோம். முன் சீட்டுப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு "ச்சு, பாவம்" என்றார். இந்த ஒரு சொல்லைப் போல இந்தக் குழந்தைகளைச் சின்னதாக்குவது வேறு இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொல்கிறார்கள், அதனால் திருப்பிப் பேசவும் முடியாது. அவள் பேசினாள். "பொறக்கும்போது ஒதடு சேரலைங்க. ஆபரேஷன் பண்ணிச் சேர்த்தாச்சு. பேரு கேளுங்க, சொல்லுவா." அந்த அம்மா பெயர் கேட்டார். குழந்தை சொன்னது புரியவில்லை, ஆனால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: "நீங்களும் மொதல்ல ஐயோன்னீங்க சிஸ்டர்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து எண்ணிட்டு வந்தேன். நீங்க நாலாவது ஆளு."

மன்னித்துக்கொள் என்றேன். டிக்கெட்டுக்குக் காசு எடுக்க வேண்டும் என்று குழந்தையை என் மடியில் வைத்தாள்.

2022 பிப்ரவரியில் அண்ண ஆபரேஷன் ஆனது. அப்புறம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சி. அங்கே மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடி வைத்துப் பேச வைப்பார்கள். காற்று மூக்கால் வந்தால் கண்ணாடி மங்கும். பப்பாளி, அப்பளம், பாப்பா. அப்பா வேலையிலிருந்து வந்ததும் பவுடர் டப்பா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடுவாளாம். இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. இடையில் காதில் நீர் சேர்ந்து கேட்பது குறைந்து, அதற்கும் அலைந்தார்கள். இன்னும் எட்டு, ஒன்பது வயதில் ஈறில் எலும்பு வைக்க வேண்டும். வேலை முடியவில்லை.

போன வருடம் பக்கத்துத் துணை நிலையத்தில் இப்படி ஒரு குழந்தை பிறந்தது. அங்கிருக்கும் செவிலியர், புதுசாக வந்த பெண், வாசலில் நின்றுகொண்டே எனக்குப் போன் செய்தாள். "என்ன சொல்றது அக்கா அவங்ககிட்ட?" என்றாள். முதலில் குழந்தையைக் கையில் வாங்கு என்றேன். கண்ணைப் பார்த்துக் கொஞ்சு, யார் ஜாடை என்று கேள். எல்லாக் குழந்தைக்கும் கேட்பதுதானே. அப்புறம் பால் எப்படிக் குடிக்கிறது என்று கேள். உதட்டைப் பற்றி அவர்களே கேட்பார்கள், அப்போது ஒன்றையும் மறைக்காமல், அண்ணத்தையும் சேர்த்துச் சொல். சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

இந்த ஜூனில் அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். உதட்டுக்கு மேலே மெல்லிய கோடு இருக்கிறது. "அது என்ன" என்று பிள்ளைகள் கேட்டால் "தையல்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறாள் என்று டீச்சர் சொன்னார். சில நாள் அழுதுகொண்டும் வருகிறாள் என்று அம்மா சொன்னாள். இரண்டும் நடக்கிறது.

போன மாதம் அம்மா என்னிடம் வந்தாள். தம்பி பாப்பாவின் பிறந்த போட்டோவைப் பார்த்துவிட்டு "என்னுது எங்கே" என்று மகள் கேட்டிருக்கிறாள். அவளுக்கு ஆறு மாதம் ஆவதற்கு முந்தைய படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. யாரும் எடுக்கவில்லை. "நீங்க டாக்டருக்கு அனுப்ப எடுத்தீங்களே" என்றாள். பழைய போனைச் சார்ஜ் போட்டுத் தேடினேன். இருந்தது. ஏழு நாள் குழந்தை, பால் குடித்த மயக்கத்தில் அரைக் கண், திறந்த உதட்டில் ஒரு சொட்டுப் பால். ஓரத்தில் அம்மாவின் தோள், அதில் ஈரிழைத் துண்டு.

அவளுக்கு அனுப்பினேன். அன்று இரவு குரல் செய்தி வந்தது, மகள் பேசியிருந்தாள். "நர்சம்மா, இது நானா? என் அப்பா மாதிரியே இருக்கேன்."