அம்மாவின் இரட்டை வடச் செயினை விற்ற கதை

அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒரு ஜோடி வளையல் போட வேண்டும் என்று அம்மா முடிவெடுத்தார். அதற்காக எடுத்து வைத்தது, 1987-ல் எங்கள் தெருப் பத்தர் செய்துகொடுத்த இரட்டை வடச் செயின். கெம்புக் கல் பதித்த முகப்பு. ரசீதும் கிடையாது, முத்திரையும் கிடையாது. இங்கே தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000-ல்தான். முத்திரை இல்லாத நகையை இனி விற்கவே முடியாது என்று யாரோ சொல்லி அம்மாவைப் பயமுறுத்தியிருந்தார்கள். முத்திரை கட்டாயம் என்கிற சட்டம் கடைக்காரர்களுக்கு. வீட்டு நகையை நாம் விற்கத் தடை இல்லை.

மதுரையில் நகை என்றால் தெற்கு ஆவணி மூல வீதிதான். முதல் கடைத் தராசு 32.400 கிராம் காட்டியது. கல்லுக்கும் அழுக்குக்கும் என்று 2 கிராம் கழித்தார்கள். உரைகல்லில் ஒரு கோடு இழுத்து ஆசிட் விட்டுப் பார்த்த பெரியவர், "பழைய நகைம்மா, பன்னெண்டு பர்சென்ட் போகும்" என்றார். கால்குலேட்டரில் தெரிந்த ரூபாய் என்னவோ பெரிய தொகைதான். தங்கம் விற்கிற விலைக்கு எதைக் கொடுத்தாலும் பெரிய தொகையாகத்தான் தெரியும். "ரூபாய் இருக்கட்டும், 22 கேரட் நகையா எடுத்தா எத்தனை கிராமுக்கு வரும்?" என்று கேட்டேன். 26.750. நாலு பவுன் செயின் மூன்றேகால் பவுன் சொச்சமாகிவிட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினோம்.

இரண்டாவது கடையில் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் இருந்தது, எக்ஸ்-கதிர் விட்டுத் தங்கம் எத்தனை சதவீதம் என்று காட்டுவது. மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணியில் 91.2, கொக்கி பக்கம் 83, முகப்பின் பின்னால் 85. அம்மாவுக்குப் பத்தர் மேல் கோபம் வந்துவிட்டது, அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும். மெஷினில் இருந்த பையன் சமாதானம் சொன்னான்: பற்றவைக்கிற பொடி நகைக்கு முன்னால் உருக வேண்டும், அதற்காகத்தான் அதில் செம்பும் வெள்ளியும் கூடச் சேர்ப்பார்கள். பொடி வைத்துப் பேசுகிறான் என்கிறோமே, அது இந்தப் பொடிதான் என்று நினைக்கிறேன். கைவேலைச் செயினில் கண்ணிக்குக் கண்ணி பற்று இருக்கும். மெஷின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும் என்பதால், மொத்தச் செயினும் என்ன மாற்று, அதாவது எவ்வளவு சுத்தம், என்று தெரிய உருக்கத்தான் வேண்டும்.

உருக்கிவிட்டால் அப்புறம் அது செயின் இல்லை. அதனால் முன்கூட்டியே பேசிக்கொண்டேன். உருக்குவது எங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். விலை ஒத்துவராவிட்டால் உருக்குக் கூலியைக் கொடுத்துவிட்டுக் கட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். கல் எங்களுக்கே. சரி என்றார்கள்.

கல்லையும் முகப்புக்குள் இருந்த அரக்கையும் எடுத்ததும் 30.100. உருக்கிய பிறகு 29.600. முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலான வியர்வையும் எண்ணெயும் அரை கிராம் இருந்திருக்கிறது! கட்டியின் மாற்று 89.4. அப்படியென்றால் சுத்தத் தங்கம் 26.46 கிராம். அதை 22 கேரட்டுக்கான 91.6-க்கு மாற்றினால் 28.89 கிராம் 22 கேரட். முதல் கடைக்கும் இதற்கும் 2.14 கிராம் வித்தியாசம், அதாவது கால் பவுனுக்கும் மேல். ஹால்மார்க் மையத்தில் கொடுத்து நெருப்புச் சோதனை (துளி வெட்டியெடுத்து உலையில் வைத்துப் பார்ப்பது) செய்திருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அம்மாவுக்கு அந்தப் பொறுமை இல்லை.

வளையலை அங்கேயே எடுத்தோம். சேதாரத்தில் கொஞ்சம் குறைத்தார்கள், கேட்டதால். பழைய தங்கத்தைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் ஜிஎஸ்டி என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, புது நகையின் முழு மதிப்புக்கும் 3 சதவீதம்.

2023 ஏப்ரலில் இருந்து விற்கிற ஹால்மார்க் நகையில் எச்யுஐடி கட்டாயம், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் உள்ள அந்த நகைக்கான அடையாள எண். ஜோடி என்றாலும் வளையலுக்கு வளையல் எண் வேறு. லென்ஸ் வாங்கி எண்ணைப் படித்து, ஹால்மார்க்கை நிர்வகிக்கும் இந்தியத் தர நிறுவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டேன். முதல் வளையல் சரியாக வந்தது. இரண்டாவதற்கு மாற்று 916 என்று காட்டியது, நகை வகையில் மட்டும் "காதணி". விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே, "என்ட்ரி போடும்போது மாறியிருக்கும் சார்" என்றார். இருக்கலாம். ஆனாலும் நாளைக்கு இதை விற்கப் போகிறபோது அந்தப் பெண் என் பக்கத்தில் நிற்கமாட்டார். வேறு ஜோடி எடுத்துவரச் சொன்னேன். அதில் இரண்டு எண்ணும் வளையல் என்றே காட்டின. பில்லில் எடை, மாற்று, ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

படி இறங்கும்போது அம்மா நின்றுவிட்டார். "கல்லு எங்கடா?" பேச்சு மும்முரத்தில் நானே மறந்துபோயிருந்தேன். திரும்பப் போய்க் கேட்டதும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். அம்மா அங்கேயே பிரித்து எண்ணினார். பதினொன்றும் இருந்தது.