அரசு வேலையில் தொடக்கச் சம்பளம்: ஒரு வார்த்தை விட்டுப்போனதால் ஒன்பது மாதம் அலைந்த கதை

பிப்ரவரி மாதச் சம்பளத்தோடு அரியர், அதாவது நிலுவைச் சம்பளம், ஏறிவிட்டது. பிடித்தம் போக 72,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வங்கியின் குறுஞ்செய்தி வந்தபோது சைதாப்பேட்டை தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். மே 2024-லிருந்தே என் கைக்கு வந்திருக்க வேண்டிய பணம் அது. ஓர் உத்தரவில் ஒரே ஒரு வார்த்தை விட்டுப்போனதால் 2025 பிப்ரவரி வரை இழுத்தது.

ஏற்கெனவே மத்திய அரசுப் பணியில் இருந்துகொண்டு, வேறு துறைக்குத் தேர்வு எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்டம், கட் ஆஃப் பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். தேர்வு முடிவு வந்த பிறகு நடப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நான் 2018 அக்டோபரில் மும்பையில் லெவல் 4 (மத்திய அரசு ஊதிய அட்டவணையில் நான்காம் படிநிலை) பணியில் சேர்ந்தேன். அடிப்படைச் சம்பளம் 25,500. ஒவ்வொரு ஜூலையிலும் இன்கிரிமென்ட் வாங்கி 2023 ஜூலையில் 29,600-க்கு வந்திருந்தேன். அப்பா போன பிறகு அம்மா செங்கல்பட்டில் தனியாக இருந்தார். இடமாறுதலுக்கு எழுதிப்போட்டு மூன்று வருடம் காத்திருந்தும் ஒன்றும் நகரவில்லை. சரி, மறுபடியும் தேர்வு எழுதியே ஊருக்குப் போய்விடலாம் என்று மத்திய அரசுப் பணிகளுக்கான பட்டதாரி நிலைத் தேர்வான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். 2023-க்கு விண்ணப்பித்தேன். டிசம்பரில் இறுதி முடிவு வந்தது. சென்னையில் வேறொரு துறை, அதே லெவல் 4.

அதே லெவல் என்றால் அதே சம்பளம்தானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பணி நியமனக் கடிதத்தில் 25,500 என்றுதான் அச்சாகியிருக்கும். அது எல்லோருக்கும் பொதுவாக அடிக்கும் தொகை. முந்தைய சம்பளம் தொடர வேண்டுமென்றால் நாம்தான் கேட்க வேண்டும், கேட்பதற்கான காகிதமும் நம் கையில் இருக்க வேண்டும்.

அக்கா வீட்டுக்காரர் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். "ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்கே பேசியிருக்கலாமே" என்றார். இங்கே அப்படிப் பேசி வாங்குவது கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு ரூபாய் கூட்டித் தரவும் அதிகாரம் இல்லை. ஆனால் விதி நம் பக்கம் இருந்தால் அவர் குறைக்கவும் முடியாது. மத்திய அரசின் பணியாளர், பயிற்சித் துறையான டி.ஓ.பி.டி. 17.8.2016 அன்று வெளியிட்ட குறிப்பாணை ஒன்று இருக்கிறது. டெக்னிக்கல் ரெசிக்னேஷன், லியன் (பழைய பணியிடத்தின் மீது தொடரும் உரிமை) ஆகிய இரண்டைப் பற்றியும் அதுவரை இருந்த உத்தரவுகளை ஒன்றாகத் தொகுத்தது. முறையான வழியில் விண்ணப்பித்து, தேர்வாகி, அதன் பொருட்டு பழைய பணியை விட்டால், அந்த ராஜினாமா வெறும் நடைமுறைக்கானது; அதுதான் டெக்னிக்கல் ரெசிக்னேஷன். நிரந்தரமாக வகித்த பணியில் வாங்கிய சம்பளத்தைவிடப் புதிய பணியில் குறைவாக நிர்ணயமானால் பழைய சம்பளம் காக்கப்படும். இன்கிரிமென்ட்டுக்கும் பழைய சேவை கணக்கில் வரும். இதை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்பது மாதமும் துணைக்கு இருந்தது அந்தச் சில பக்கங்கள்தான்.

முதல் சிக்கல் மும்பையிலேயே வந்தது. விண்ணப்பித்த வாரமே, இந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். கொடுத்துவிட்டுச் சும்மா வந்திருப்பேன். பக்கத்து சீட்டில் இருந்த சேச்சி, பாலக்காட்டுக்காரர், விடவில்லை. "காப்பியில் சீல் வாங்காமல் வராதே" என்று திருப்பி அனுப்பினார். தபால் பிரிவில் இருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊதா மையில் ஒரு முத்திரை குத்தினார். அதற்குள் நீலப் பேனாவால் டைரி எண்ணும் தேதியும் எழுதினார். முத்திரையின் ஒரு ஓரம் கோணலாக விழுந்து கலைந்திருந்தது. அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஜனவரியில் புதிய துறை ஆவணச் சரிபார்ப்புக்கு அழைத்து என்.ஓ.சி. (பழைய அலுவலகத்தின் ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கேட்டது. பழைய அலுவலகத்தில் கேட்டால், "நீங்கள் தகவலே கொடுக்கவில்லை, கோப்பில் எதுவும் இல்லை" என்றார்கள். புடவைக்கு அடியில் இருந்த காகிதத்தை எடுத்து வந்து வைத்தேன். அந்தக் கலைந்த முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். டைரி எண்ணைப் பதிவேட்டில் தேடினார்கள், இருந்தது. பதினோராவது நாள் என்.ஓ.சி. கையில் வந்தது. சேச்சி மட்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி முடிந்திருக்கும். என்னோடு பணியில் சேர்ந்த ஒருவர் தகவல் தராமல் தேர்வு எழுதி, என்.ஓ.சி. கிடைக்காமல், சாதாரண ராஜினாமா கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய நான்கு வருடச் சேவை அப்படியே போனது.

இங்கே இன்னொன்று. இப்போதைய பணியில் சேர்வதற்கு முன்பே வேறு தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தீர்கள் என்றால் உங்களுக்கும் இந்தப் பலன் உண்டு. ஆனால் பணியில் சேர்ந்த உடனே அந்த விண்ணப்ப விவரத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விலகும்போதும் அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

சரிபார்ப்பு நாளில் இனிஷியல் தகராறும் வந்தது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும், ஆதாரில் அப்பா பெயர் முழுவதும். நம் ஊர்க்காரர்களுக்கு எல்லா இடத்திலும் வருவதுதான். பிரமாணப் பத்திரம் முன்கூட்டியே எடுத்துப் போயிருந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்தது.

அப்புறம்தான் நான் செய்த தவறு. என் ராஜினாமா கடிதத்தில் டெக்னிக்கல் ரெசிக்னேஷன் என்றும், லியன் வேண்டும் என்றும் தெளிவாக எழுதியிருந்தேன். 2024 ஏப்ரல் 30, செவ்வாய்க்கிழமை, கடைசி நாள். விடுவிப்பு உத்தரவு மாலை ஐந்தே முக்காலுக்குத்தான் கைக்கு வந்தது. இரவு ரயில். அறையைக் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும், சேச்சி வேறு அழுதுகொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். படிக்கவில்லை. ராஜினாமா ஏற்கப்பட்டது, இன்று பிற்பகல் விடுவிக்கப்படுகிறார் என்று இரண்டே வரி. 'டெக்னிக்கல்' என்ற சொல் அதில் இல்லை.

மே 3 அன்று சென்னையில் சேர்ந்தேன். நிர்வாகப் பிரிவில் இருந்தவர் உத்தரவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், இதுல ராஜினாமான்னு மட்டும்தான் இருக்கு. அப்ப நீங்க புது அப்பாயின்ட்மென்ட். 25,500-தான் போட முடியும்."

"சார், என் கடிதத்துல டெக்னிக்கல்னு எழுதியிருக்கேன். என்.ஓ.சி. இருக்கு. ஊழியர் அந்தச் சொல்லையே எழுதலைன்னாலும், நிபந்தனை சரியா இருந்தா டெக்னிக்கலாத்தான் எடுத்துக்கணும்னு குறிப்பாணையே சொல்லுது."

"அதை அவங்க சொல்லணும் மேடம். நான் எப்படிச் சொல்றது?"

இதுவரை அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உத்தரவைத் திருத்த வேண்டியது பழைய அலுவலகம்தான். ஆனால் ஊதியப் பாதுகாப்பு கோரி நான் எழுதிய கடிதத்தை வாங்கவே மாட்டேன் என்றாரே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "எழுதிக் கொடுத்தா நான் பதில் எழுதணும். முதல்ல திருத்தம் வரட்டும்" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை தபால் பிரிவிலேயே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். இதைப் பணியில் சேர்ந்த அன்றே செய்திருக்க வேண்டும். சேர்கிறேன் என்று எழுதித் தரும் அறிக்கையிலேயே, "முந்தைய பணியின் சம்பளத்தைப் பாதுகாத்து நிர்ணயிக்கக் கோருகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கோரிக்கை எந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்ற கேள்வியே பிறகு எழாது.

மும்பைக்குப் போன் மேல் போன். "பார்க்கிறோம்", "கோப்பு மேலே போயிருக்கிறது", "அந்த செக்‌ஷன் மாறிவிட்டது". ஜூலையில் நேரிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். முந்தைய நாள் போனில் கேட்டபோது, வாருங்கள், வேலை முடிந்துவிடும் என்றார்கள். ஒரு நாளுக்கு மேல் ரயில் பயணம், மும்பை மழை. முழங்கால் வரை நனைந்து போய்ச் சேர்ந்தால், கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி சுற்றுப்பயணத்தில் இருக்கிறாராம், வர ஐந்து நாள் ஆகுமாம். போனில் பேசிய அதே ஆள்தான் சொன்னார். "நேற்று சொல்லியிருக்கலாமே" என்றதற்கு, "அவர் இருக்கிறாரா என்று நீங்கள் கேட்கவில்லையே" என்றார். அலுவலக வாசலில் குடையை விரித்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. விடுப்பு நான்கு நாள், டிக்கெட் செலவு, ஒரு கையெழுத்துகூட இல்லை. அன்றிரவு சேச்சி வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தேன்.

வேலை நடந்தது ஒரு மின்னஞ்சலால். ரயிலில் திரும்பும்போதே எழுதினேன். அலுவலகத் தலைவருக்கு நேரடியாக, ஒரே பக்கம். தேதி வாரியாக நடந்தவை, முத்திரை போட்ட நகல், என்.ஓ.சி., என் ராஜினாமா கடிதம், குறிப்பாணையில் அந்தப் பத்தி மட்டும் கோடிட்டு. புகார் என்று ஒரு சொல் இல்லை. 'விடுவிப்பு உத்தரவில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்' என்ற ஒரே கோரிக்கை. கோபத்தில் முதலில் எழுதிய இரண்டு பக்கத்தை அனுப்பாமல் அழித்தது நல்லதாகப் போயிற்று. செப்டம்பரில் திருத்த உத்தரவு வந்தது.

அத்தோடு முடியவில்லை. ஊதிய நிர்ணயத்துக்கு சர்வீஸ் புக், அதாவது பணிப் பதிவேடு, வேண்டும். அது நவம்பரில்தான் வந்து சேர்ந்தது. இரண்டு வருடங்களுக்குச் சேவை சரிபார்ப்புப் பதிவே போடப்படவில்லை. விடுவிக்கப்படுவதற்கு முன் உங்கள் சர்வீஸ் புக்கைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். பணி நிரந்தர உத்தரவு, வருடா வருடம் சரிபார்ப்பு, ஒவ்வொரு இன்கிரிமென்ட், விடுப்புக் கணக்கு எல்லாம் பதிவாகி இருக்கிறதா என்று பார்த்து முழுவதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கான சான்றான எல்.பி.சி.யையும் அங்கேயே படித்துவிடுங்கள். நான் எடுத்து வைத்திருந்த கைபேசிப் படங்களையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் வைத்துத்தான் அந்த இரண்டு வருடக் குறையைச் சரிசெய்தார்கள்.

சரிசெய்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். கணக்குப் பிரிவில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஓர் அதிகாரி. கோப்பு அவர் மேசைக்குப் போன அன்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். குறிப்பாணையைப் பேனா முனையால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே படித்தார். "29,600 சரிம்மா. அடுத்த இன்கிரிமென்ட் எப்ப போடணும்னு கேட்டிருக்கீங்களா?" என்றார். நான் கேட்கவே இல்லை! புது ஆள் என்று எடுத்தால், மே மாதம் சேர்ந்தவருக்கு ஜனவரியில்தான் இன்கிரிமென்ட். பழைய சேவையைச் சேர்த்தால் வழக்கம்போல 2024 ஜூலையிலேயே உண்டு. அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து எழுதித் தரச் சொன்னார். அந்தத் தாளின் மதிப்பு மாதம் 900 ரூபாய் அடிப்படை, அதற்கு மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி.

ஜனவரி 2025-இல் உத்தரவு வந்தது: சேர்ந்த நாள் முதல் 29,600, ஜூலை 1 முதல் 30,500. மே, ஜூனில் அடிப்படையில் வித்தியாசம் 4,100. அப்போதைய 50 சதவீதப் பஞ்சப்படி, சென்னைக்கான 30 சதவீத வீட்டு வாடகைப்படி சேர்த்தால் மாதம் 7,380. ஜூலை முதல் வித்தியாசம் 5,000, பஞ்சப்படியும் 53 சதவீதம் ஆகியிருந்தது, ஆக மாதம் 9,150. அரியர் பில்லை நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்து ஒப்பிட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். எங்கள் அலுவலகத்திலேயே இன்னொருவருக்கு வீட்டு வாடகைப்படி விட்டுப்போய், இரண்டாவது பில் போட்டார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பழைய அலுவலகத்தில் சேர்ந்திருந்த 112 நாள் ஈட்டிய விடுப்பு இங்கே கணக்கில் ஏறவில்லை. விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். முத்திரை போட்ட நகல் அதே பிளாஸ்டிக் உறையில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.