நிதிக் கூட்டாட்சித் தாள்: சிங்கப்பூரிலிருந்து படிப்பவர்களுக்கு

வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகப் பொதுக் கொள்கை படிப்பவர்களில் பலர், மத்திய, மாநில அரசுகள் வரியையும் செலவையும் எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்று பேசும் நிதிக் கூட்டாட்சித் தாளைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறார்கள். நான் அந்தத் தாளை எழுதி முடித்துவிட்டதால், அடுத்து எழுதப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எங்கிருந்து தொடங்குறது?"

முதலில், இந்தப் பாடம் நமக்கு ஏன் மனத்தில் ஒட்டுவதில்லை என்று பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் இருப்பது ஒரே அரசாங்கம். வருமான வரி, பொருள் சேவை வரி, சொத்து வரி என எல்லாமே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குப் போகின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காரர்கள் மாதாமாதம் நகர மன்றத்துக்குக் கட்டுவது சேவை, பராமரிப்புக் கட்டணம், அது வரியல்ல. ஒரு மாநில அரசு தனியாக வரி போட்டு நாம் கட்டிய அனுபவமே நமக்கு இல்லை. அதனால், 'வரி அதிகாரப் பகிர்வு' என்று படித்தால் வார்த்தை புரியும், விஷயம் பிடிபடாது.

என் ஆலோசனை: நாடு நாடாகப் படிக்காதீர்கள். பாடக் குறிப்புகள் அப்படித்தான் இருக்கும். இந்தியாவுக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று. அந்த வழியில் போனால் ஏழெட்டு அரசியல் சட்டங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். அதற்குப் பதிலாக ஒரு வரியை எடுத்துக்கொண்டு அந்தப் பணத்தின் பின்னாலேயே போங்கள். வீதத்தை யார் முடிவு செய்கிறார்கள்? யார் வசூலிக்கிறார்கள்? வசூலான பணம் யாருக்குச் சொந்தம்? அதை எதில் செலவழிப்பது என்று யார் சொல்கிறார்கள்? சிங்கப்பூரில் இந்த நான்குக்கும் பதில் ஒன்றே. கூட்டாட்சிகளில் நான்கும் வெவ்வேறு கைகளில் இருக்கலாம். தேர்வில் மதிப்பெண் கிடைப்பதும் அந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டும்போதுதான்.

கனடாவில் மாநில வருமான வரி வீதத்தை அந்தந்த மாநிலமே வைக்கிறது, ஆனால் கியூபெக் தவிர மற்ற மாநிலங்களுக்காகத் தனிநபர் வரியை வசூலித்துக் கொடுப்பது கூட்டரசு. சுவிட்சர்லாந்தில் நேர் எதிர்: கூட்டரசின் நேரடி வரியை அங்குள்ள மாநிலங்களான கேன்டன்கள் வசூலித்து, ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மீதியை அனுப்புகின்றன. ஜெர்மனியில் வருமான வரிச் சட்டம் கூட்டரசுடையது, வசூல் மாநில வரி அலுவலகங்களில், பணமோ 42.5% கூட்டரசுக்கு, 42.5% மாநிலங்களுக்கு, 15% உள்ளாட்சிகளுக்கு. இந்த மூன்றையும் ஒரே பத்தியில் எழுதிக் காட்டினாலே, திருத்துபவருக்கு நீங்கள் புரிந்து படித்தவர் என்பது தெரிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள். 1942இல் நடந்த ஒரே சீர் வரி வழக்குக்குப் பிறகு வருமான வரி நடைமுறையில் மாநிலங்களின் கையை விட்டே போனது. 2000ஆம் ஆண்டில் வந்த 10% ஜிஎஸ்டியைக் கூட்டரசு வசூலிக்கிறது, முழுப் பணமும் மாநிலங்களுக்குப் போகிறது. சண்டை அதைப் பிரிப்பதில்தான். வசதியான மாநிலத்துக்குக் குறைவாக, தேவையுள்ள மாநிலத்துக்கு அதிகமாக என்பது கணக்கு. இதற்குப் பெயர்தான் சமன்செய்தல். சுரங்க வருமானம் கொட்டியபோது, 2015 வாக்கில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது, தலைக்குச் சமமாகப் பிரித்திருந்தால் வந்திருக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் அளவில்தான். அங்கே எழுந்த கோபத்தில் 2018இல் சட்டம் மாறியது. முதலில் 70 சென்ட், பிறகு 75 சென்ட், அதற்குக் கீழே எந்த மாநிலமும் போகாது. சமன்செய்தலுக்கு ஒரு அரசியல் எல்லை உண்டு என்று எழுத இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் இந்தியா. எப்படிக் கேட்டாலும் ஒரு கேள்வியாவது இங்கிருந்து வரும். அரசியல் சட்டத்தின் அதிகாரப் பட்டியல்களை ஒப்பிப்பதை விட, மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து ஜிஎஸ்டி பற்றிப் பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி மன்றத்தின் வாக்குக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு. மத்திய அரசு எதிர்த்து வாக்களித்தால் எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் முக்கால் பங்கை எட்ட முடியாது. மாநிலங்களில் பெரும்பகுதி சேராமல் மத்திய அரசாலும் எதையும் நிறைவேற்ற முடியாது. இந்த இரண்டு வாக்கியத்தில் ஒரு பக்க விளக்கம் அடங்கிவிடும். மன்றத்தின் பரிந்துரைகள் கட்டுப்படுத்துபவை அல்ல என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் கூடவே சேர்த்துக்கொள்ளலாம்.

மத்திய வரிகளில் மாநிலங்களுக்கு எவ்வளவு பங்கு என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. அந்தப் பகுதியில் 41% என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள். 15ஆவது நிதிக்குழு சொன்ன அந்த 41%, பகிரத்தக்க வரித்தொகுப்பில் 41%. செஸ்ஸும் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக வரியின் மேல் போடும் வரி) கூடுதல் வரிகளும் அந்தத் தொகுப்புக்குள் வருவதில்லை. மத்திய அரசு வரியை உயர்த்தாமல் செஸ்ஸை உயர்த்தினால் மாநிலத்துக்குப் பங்கு இல்லை. 'சட்டப்படி பங்கு ஒன்று, கைக்கு வருவது வேறு' என்று வாதிட இது போதும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் ஏறக்குறைய 6% உள்ள மாநிலத்துக்கு மாநிலங்களுக்கான தொகையில் அதே நிதிக்குழு கொடுத்த பங்கு 4.079%. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் விடைத்தாளில் கோபம் மட்டும் இருந்தால் மதிப்பெண் வராது. அந்தக் குழுவின் சூத்திரத்தில் 45% எடை வருமான இடைவெளிக்கு, அதாவது மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்குப் போனது. பீகாரில் பிறந்த குழந்தைக்கும் ஒரு பள்ளிக்கூடம் கிடைக்க வேண்டும் என்ற வாதத்தை முதலில் நேர்மையாக எழுதுங்கள். பிறகு, அதே சூத்திரத்தில் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5%, வரி முயற்சிக்கு வெறும் 2.5% என்று இருந்ததைக் காட்டி, நன்றாகச் செய்கிற மாநிலத்துக்கு ஊக்கம் எங்கே என்று கேளுங்கள்.

நிபந்தனை போட்டு மாநிலங்களுக்குப் பணம் கொடுக்கும் நிபந்தனை மானியம் பற்றிக் கேட்டால் அமெரிக்கா. மது குடிப்பதற்கான வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் 5% பிடிப்போம் என்றது கூட்டரசு. 1987இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. அங்கிருந்து இது ஒன்றே போதும்.

பலர் தொடாமல் விடுகிற உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. 1963 செப்டம்பரிலிருந்து 1965 ஆகஸ்ட் 9 வரை சிங்கப்பூரும் மலேசியா என்ற கூட்டாட்சியின் மாநிலம். கல்வியும் தொழிலாளர் விவகாரமும் நம் பக்கம். கூட்டரசு நாடாளுமன்றத்தில் 15 இடம். இங்கே வசூலாகும் வரிகளில் 60% சிங்கப்பூருக்கு, 40% கோலாலம்பூருக்கு. கூடவே போர்னியோ மாநிலங்களின் வளர்ச்சிக்கு 15 கோடி வெள்ளி கடன். 1964 இறுதியில் அந்த 40 சதவிகிதத்தை 60 ஆக்க வேண்டும் என்று கூட்டரசு நிதியமைச்சர் டான் சியூ சின் கேட்டார். ஒப்பந்தத்தில் இருந்த பொதுச் சந்தையும் வரவில்லை. பிரிவினைக்குப் பல காரணங்கள் உண்டு, பணத் தகராறே முழுக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் இந்தக் கதையின் மேல் போட்டுப் பாருங்கள், பாடம் முழுவதும் இதிலேயே இருக்கும். தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் காப்பகத்தில் அந்த மாதங்களின் பத்திரிகைகளைத் தேடிப் படிக்கலாம். வரவுசெலவுத் திட்ட விவாதங்கள் பாடப்புத்தகத்தை விடச் சுவையானவை.

விடை எழுதும் முறையைப் பற்றிச் சுருக்கமாக. 'அதிகாரப் பரவல் நல்லதா' என்ற கேள்விக்கு நன்மை, தீமை என்று இரண்டு பத்தி எழுதுவது எல்லோரும் செய்வது. அதை விட, செலவு மாநிலத்திடம், வருவாய் மத்தியிடம் என்ற இடைவெளி எங்கே பெரிது, எங்கே சிறிது என்று தொடங்குங்கள். ஆஸ்திரேலியாவை ஒரு முனையிலும் கனடாவை மறுமுனையிலும் வைத்தால் வாதம் தானாக நகரும். எண்களை எழுதும்போது எந்த ஆண்டுக்கு உரியவை என்று சேர்த்து எழுதுங்கள். இந்தியாவின் பங்கு நிதிக்குழுவுக்கு நிதிக்குழு மாறும், சிங்கப்பூர் ஜிஎஸ்டி கூட 2024இல்தான் 9% ஆனது. பழைய மாணவர்களின் குறிப்புகளை வாங்கிப் படிப்பவர்கள், என்னுடையதையும் சேர்த்து, தேர்வுக்கு முந்தைய வாரம் எண்களை மட்டுமாவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.