முதுகு டிஸ்க்கும் பெரியப்பாவின் பயமும்

ரங்கூனில் எங்கள் பக்கம் யாருக்கு முதுகு பிடித்தாலும் டிஸ்க் விலகிடுச்சு என்றுதான் பேச்சு. படகுத்துறையில் வருஷக்கணக்காக அரிசி மூட்டை சுமந்த எங்கள் பெரியப்பாவும் ஸ்கேன் பார்த்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டு படுத்தே கிடக்கிறார். அவர் எழுந்து நடக்க வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு, மொத்தம் 23. ஒவ்வொன்றின் நடுவிலும் கூழ், சுற்றிலும் 15 முதல் 25 அடுக்கு வரை நார் வளையம். இளமையில் கூழில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், அதனால் எவ்வளவு பாரம் வந்தாலும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிவிடும். வயதாக ஆக, தண்ணீரைப் பிடித்து வைக்கிற புரோட்டியோகிளைகான் என்ற பொருள் குறைந்து கூழ் வற்றி நாராகிறது. அப்புறம் பாரம் வளையத்தின் மேல், அதுவும் பின்பக்கத்தில் குவிகிறது. காற்று இறங்கிய சைக்கிள் டயர் மாதிரி டிஸ்க் தாழ்ந்து பிதுங்கும், பின்னால் உள்ள சின்ன மூட்டுகள் கூடுதல் சுமையை வாங்கிக்கொள்ளும். வளையத்தின் நாரும் விறைத்துப்போய் எளிதில் விரிசல் விடும். உள்ளே ரத்தக்குழாய் இல்லாததால் ஆறுவதும் மெதுவாகத்தான்.

ஆனால் ஒன்று, கூழ் பிதுங்கி வெளியே வருவது அதிகமாக 30 முதல் 50 வயதுக்குள்தான், வற்றிய கூழ் அவ்வளவு சுலபமாக வராது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வில் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது! ஸ்கேனில் தெரிகிறது என்பதற்காக வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது, பெரியப்பா.

காலையில் மட்டும் கவனமாக இருங்கள். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீர் உறிஞ்சி உப்பியிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் வளையம் அதிகமாக இழுபடும், எழுந்து நடமாடினால் முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி வடிந்துவிடும். அதுவரை தண்ணீர் வாளியைக் குனிந்து தூக்க வேண்டாம். 1999இல் ஒருவரின் டிஸ்க்குக்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள்: சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது 2.3, முழங்காலை மடக்கி முதுகை நிமிர்த்தித் தூக்கினால் 1.7.

கால் மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ டாக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஆற்றங்கரைப் பக்கம் நடங்கள், நானும் கூட வருகிறேன்.