அம்மாவின் வயிற்றுத் தசையில் ரத்தக்கசிவு: நாட்குறிப்பு

2024 நவம்பர் 12, செவ்வாய்

இருமல் இன்னும் விடவில்லை. மதியம் ஒரு பெரிய இருமலுக்குப் பிறகு அம்மா அடிவயிற்றின் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மக்ளே, உள்ள ஒரு பந்து கெடக்கு."

இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றியவள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்தில் உருவாக்கிய சித்ரா வால்வு. வால்வில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் ஆசிட்ராம் மாத்திரை போட வேண்டும். அதனால் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

டாக்டர் வலிக்கிற இடத்தில் விரலை ஊன்றி, "தலைய மட்டும் தூக்குங்கம்மா" என்றார். தூக்கியதும் வலி கூடியது. குடலில் கோளாறென்றால் தசை இறுகும்போது வலி பெரும்பாலும் குறையுமாம். கூடினால் வயிற்றுச் சுவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கார்னெட் என்ற மருத்துவர் 1926-இல் எழுதிய சோதனை, செலவே இல்லாதது.

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 7.1. அம்மாவுக்கு 2.5 முதல் 3.5-க்குள் நிற்க வேண்டியது. சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் ஆசிட்ராமின் வேகத்தைக் கூட்டியிருக்கும் என்கிறார்கள்.

நவம்பர் 13, புதன்

ஹீமோகுளோபின் 8.4-லிருந்து 6.9. ரத்தமும் பிளாஸ்மாவும் ஏறுகின்றன. ஆசிட்ராமை முறிக்கும் வைட்டமின் கே கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள். அதிகம் போனால் பிறகு ஆசிட்ராம் பிடிக்க நாளாகும். ரத்தம் உறையாவிட்டால் கசிவு நிற்காது, உறைந்தால் வால்வில் கட்டி அடைக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில், ஊசி வழியாக ஏற்றிய டை (படத்தில் தெரியும் மருந்து) வயிற்றுத் தசைக்குள் கசிவது தெரிந்தது. தொப்புளுக்குக் கீழே கொஞ்ச தூரத்துக்கு அப்பால் அந்தத் தசைக்குப் பின்பக்க உறை கிடையாது. ரத்தம் அங்கே தேங்கி நிற்காமல் இடுப்புக்குழி வரை இறங்கிவிடும்.

ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிடக் கூடாதா என்று அண்ணன் கேட்டான். "திறந்தா, இப்ப அழுத்திப் பிடிச்சிருக்கிற கட்டியும் போயிரும், கசிவு கூடலாம்" என்றார் டாக்டர். கசியும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைக்கும் எம்போலைசேஷனுக்குக் கையெழுத்துப் போட்டோம்.

அம்மாவை மயக்கவில்லை; வலது தொடை மடிப்பில் மரத்துப்போக ஊசி மட்டும். அங்கிருந்து கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் இடப்பக்கம் தாண்டி, அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் என்ற தமனிக்குள் போயிருக்கிறது. கசியும் இடத்துக்கு அப்பால் சில காயில் (தமனியை அடைக்கும் சிறு சுருள்), இப்பால் சில காயில். ஒருபக்கம் மட்டும் அடைத்தால் மார்புக்குள்ளிருந்து கீழிறங்கும் தமனி வழியாக ரத்தம் மறுபக்கம் வந்து சேருமாம். முடிந்ததும் அடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களையும் டாக்டர் திரையில் காட்டினார். முதலாவதில் தமனியின் ஓரமாக ஒரு கறுப்புத் திட்டு பரவுகிறது. இரண்டாவதில் காயில்களோடு டை நின்றுவிடுகிறது, திட்டைக் காணோம். அந்த இரண்டாவது படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வலது காலை மடக்கக் கூடாது. நர்ஸ் அடிக்கடி வந்து பாதத்தில் நாடி பார்க்கிறார்.

நவம்பர் 15, வெள்ளி

ஹீமோகுளோபின் 9.1, இறங்கவில்லை. வால்வில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் டிரிப் தொடங்கியாயிற்று. மறுபடி கசிந்தால் உடனே நிறுத்தலாம், அதை முறிக்கும் மருந்தும் உண்டு என்பதால் முதலில் அது. இடுப்பு வரை தோல் கருநீலமாகிவிட்டது. அம்மா அதைப் பார்த்துப் பயந்தாள். உள்ளே தேங்கியது வெளியே தெரிகிறது, புதுக் கசிவு இல்லை என்று டாக்டரே வந்து சொன்னார்.

நவம்பர் 26, செவ்வாய்

வீட்டில். ஐ.என்.ஆர். 2.8. கட்டி இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது. கரைய மாதங்கள் ஆகலாம்.

வீட்டில் வால்வு வைத்தவர்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். சளி, காய்ச்சல் என்று எந்த டாக்டரிடம் போனாலும் ஆசிட்ராம் அட்டையை முதலில் நீட்டுங்கள். புது மாத்திரை தொடங்கினால் சில நாளிலேயே ஐ.என்.ஆர். பாருங்கள். இருமலோடு வயிற்றில் திடீரென்று கட்டி தென்பட்டால் காலை வரை காத்திருக்காதீர்கள்.