ஏற்றத்துக்கு மார்க் கிடையாது

புறாப் பந்தயத்தின் கணக்கு எளிது. கூடையைத் திறந்துவிட்ட இடத்திலிருந்து அவரவர் கூண்டு வரைக்கும் நேர்க்கோட்டுத் தூரத்தை எடுத்து, புறா வந்து சேர்ந்த நிமிடங்களால் வகுப்பார்கள். நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று வரும். யாருக்கு அதிகமோ அவருக்குக் கோப்பை. ஒவ்வொரு கூண்டுக்கும் தூரத்தைத் தனித்தனியாக அளப்பதால் கிட்டத்து ஊர், தூரத்து ஊர் என்ற வஞ்சனை இல்லை. எல்லாம் சரிதான். ஆனால் அது வரைபடத்தில் போட்ட கோடு. அதில் மலை கிடையாது.

நான் கோத்தகிரிக்காரன். பிக்கப் ஓட்டுகிறேன். கேரட்டும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவது பிழைப்பு. ஹோமர், அதாவது எங்கே விட்டாலும் கூண்டுக்குத் திரும்பும் பந்தயப் புறா, வளர்ப்பது பைத்தியம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது, எங்கள் ஊர் 1,800-ஐ ஒட்டி. சாலையில் 33 கிலோமீட்டர். புறாவுக்கு அதில் பாதிதான் தூரம். அந்தப் பாதிக்குள் 1,400 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும்.

சேலத்தில் திறந்துவிட்டால் எங்கள் கூண்டுக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தில் வந்தால் நிமிடத்துக்கு 1,167 மீட்டர். கடைசி ஏற்றத்தில் ஒரு பத்து நிமிடம் கூடப் போனால் அதுவே 1,077 ஆகிவிடும். அந்த 90 மீட்டருக்குள் சமவெளிக்காரர் பட்டியலே அடங்கிப் போகும். காரமடையில் ஒரு தம்பி இருக்கிறான், நல்ல புறா வைத்திருப்பவன். "உங்க புறா மலையேறி மூச்சு வாங்கறதுக்குள்ள எங்க புறா தீனி தின்னுட்டுத் தூங்கிருங்ணா" என்பான். கேலிதான், ஆனால் உண்மை.

அதனால் குஞ்சுகளைப் பழக்குவதிலும் சமவெளியில் சொல்லும் பாடம் எனக்கு அப்படியே ஒத்துவராது.

ஆரம்பம் எல்லோருக்கும் ஒன்றுதான். பொரித்து ஒரு வாரம் ஆகும்போது ரிங் போட்டுவிட வேண்டும். முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து வளையத்துக்குள் நுழைத்து, பின்விரலைக் காலோடு படிய மடக்கி, வளையம் அதைத் தாண்டியதும் மெல்ல வெளியே எடுத்துவிடுவது. நாலு நாள் தள்ளிப் போட்டால் கால் பருத்துவிடும், நுழையாது. ஆண்டு பொறித்த அந்த அலுமினிய வளையம்தான் அதற்குப் பிறப்புச் சான்றிதழ். அது இல்லாத குஞ்சு எவ்வளவு பறந்தாலும் இளம்புறாப் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள்.

நாலு வாரத்தில் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துவிடுகிறேன். பிறகு கூரைமேல் வைத்த கம்பிவலைப் பெட்டியில் அதுகளைக் காலையிலும் மாலையிலும் உட்கார வைப்பேன். தகரக் கூரைகள், தேயிலைச் சரிவு, சில்வர் ஓக் மரங்கள், கோயில் கோபுரம் எல்லாவற்றையும் பார்த்து மனதில் வாங்கிக்கொள்ளட்டும் என்று. அந்த வயதில் நான் பழக்குவது ஒன்றே ஒன்று: டப்பாவில் மக்காச்சோளத்தைக் குலுக்கினால் உள்ளே ஓடி வரவேண்டும். பறக்க யாரும் கற்றுத்தர வேண்டாம், உள்ளே வரத்தான் கற்றுத்தர வேண்டும். பந்தயத்தில் புறா கூரையில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தால் நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாசல் கம்பியைத் தள்ளி உள்ளே நுழைந்தால்தான் கணக்கு. ஆகவே முதல்முறை வெளியே விடுவது எப்போதும் சாயங்காலத் தீனிக்கு முன்னால், அரைப் பசியில். விரட்டிப் பறக்கவிடுவது கிடையாது.

கொஞ்ச நாளில் கூட்டமாகக் கிளம்பி அரைமணி, ஒருமணி நேரம் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டு வரும். அது வந்துவிட்டால் கூடையை எடுக்கலாம்.

இங்கேதான் நான் வேறு வழியில் போகிறேன். சமவெளியில் ஐந்து, பத்து, இருபது, நாற்பது என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். நான் தூரத்தை விட்டுவிட்டு ஏற்றத்தையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறேன். முதலில் இறங்குகிற வழியில் உள்ள குஞ்சப்பனை. அப்புறம் மேட்டுப்பாளையம், மறுபடி மேட்டுப்பாளையம், சலிக்கும்வரை மேட்டுப்பாளையம். அது முடிந்த பிறகுதான் சிறுமுகை, சத்தியமங்கலம் எல்லாம்.

நேரம் முக்கியம். எங்கள் சரிவு கிழக்கைப் பார்த்தது. காலை வெயில் நேராகப் பாறையிலும் தேயிலையிலும் விழுந்து சூடேறினதும் கீழிருந்து மேலே காற்று கிளம்பும். புறாவுக்கு அது ஏறத் தோள் கொடுக்கிற காற்று. ஆனால் அதே காற்றுதான் ஈரத்தையும் மேலே தள்ளிக்கொண்டு வந்து பகலுக்குள் மலையை மூடிவிடும். அதிகாலையில் விட்டால் காற்று இல்லை. பதினொன்றுக்கு விட்டால் ஊரே தெரியாது. நடுவில் கிடைக்கிற நேரம்தான் என் நேரம். மண்டியில் மூட்டை இறக்கி முடிவதும் அந்நேரம்தான், அது என் அதிர்ஷ்டம்.

திறக்கும் முன் வீட்டுக்குப் போன் போடுவேன். "எதிர் எஸ்டேட்டே தெரியலைங்க, விடாதீங்க" என்று மனைவி சொல்லிவிட்டால் கூடை அப்படியே காலி டிரேக்களோடு மேலே வந்துவிடும். மேகத்துக்குள் புறா பறக்காது. வழியில் ஏதாவது மரத்தில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த குஞ்சைக் காட்டுப்பூனையோ மரநாயோ விட்டுவைக்காது.

ஏறுகிற விதத்திலும் குஞ்சுக்குக் குஞ்சு வித்தியாசம் உண்டு. சிலது மண்டிக்கு மேலேயே வட்டமடித்து உயரம் பிடித்துக்கொண்டு அப்புறம் திசை எடுக்கும். சிலது அவசரப்பட்டு மலையடிவாரத்துக்கு ஓடி, சரிவை ஒட்டியே ஏறப் பார்க்கும். இரண்டாவது வகைக்குத்தான் ஆபத்து. பாறை முகடுகளில் வல்லூறு இருக்கிறது. அது மேலேயிருந்து கல் மாதிரி விழும். கீழேயே பறந்துவருகிற குஞ்சு, ஏறிக்கொண்டிருக்கும்போது திரும்பவும் முடியாது, ஓடவும் முடியாது. அதனால் பழைய புறா இரண்டைக் குஞ்சுகளோடு சேர்த்தே கூடையில் வைக்கிறேன். வட்டமடித்து ஏறுகிற பழக்கத்தை அதுகளிடமிருந்து பிடித்துக்கொள்கின்றன. தொடர்ந்து பெரிசுகளோடு விட்டால் குஞ்சு சொந்தப் புத்தியை உபயோகிக்காது என்பார்கள். சரிதான், அதனால் வழி பழகியதும் பெரிசுகளை வீட்டில் நிறுத்திவிடுவேன்.

புறா சாலையைப் பார்த்துக்கொண்டு வரும் என்று ஒரு பேச்சு உண்டு. சும்மா கதையில்லை. ரோம் நகரைச் சுற்றி ஜிபிஎஸ் கருவி கட்டிப் பறக்கவிட்டு, நெடுஞ்சாலைகளை ஒட்டிப் பறப்பதைப் பார்த்திருக்கிறார்கள். 2004-ல் வெளிவந்த ஆய்வு. எங்கள் சாலையில் உள்ள வளைவுகளுக்கு எந்தப் புறா அப்படி வரும்? நேராகப் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டித்தான் வருகிறது. வண்டி ஓட்டுகிற நான்தான் வளைந்து வளைந்து ஏறுகிறேன்.

தீனியில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கம்பு, சோளம், பட்டாணி, பாசிப்பயறு. ஏற்றப் பயிற்சி நாட்களில் மக்காச்சோளத்தைக் கூட்டி, கொஞ்சம் பச்சை நிலக்கடலை. மலையில் கவனிக்க வேண்டியது ஈரம். தானியத்தில் பூஞ்சை பிடித்தால் கூண்டே படுத்துவிடும். மூடி இறுகிய தகர டிரம்மில் வைத்துவிட்டால் பூஞ்சையும் வராது, கரடியும் வராது. இரண்டாவதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். கோத்தகிரியில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்புறம், பாராமிக்ஸோ என்ற வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி போடாத கூண்டுக் குஞ்சுகளோடு என் குஞ்சுகளை ஒரே கூடையில் ஏற்ற மாட்டேன். எவ்வளவு வேண்டியவரானாலும் சரி. கழுத்து திருகிப் போன குஞ்சை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இவ்வளவு பாடுபட்டும் நிமிடக் கணக்கில் நாங்கள் பின்னால்தான் நிற்போம். அதனால் மலைக் கூண்டுகளுக்கு மட்டும் தனியாக ஒரு பட்டியல் போடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி மூன்று ஊர்க் கூண்டுகள்; சேலத்தில் ஒரே நேரத்தில் திறப்பு; இளம்புறா மட்டும். குன்னூர்க்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஊட்டியில் ஒரு பெரியவர் மட்டும் யோசித்துவிட்டுக் கேட்டார்: "எங்க ஊரு உங்க ஊரைவிட 400 மீட்டர் மேல இருக்கே தம்பி, அதுக்கு என்ன கணக்கு?"